ஊர் நல்கும் கல்வி

நோயுற்ற ஒருவனுக்கு மருந்தளித்து அவனைத் தேற்றுவது மருத்துவம். நோய் ஊருக்குள் புகாவண்ணம் காப்பதும், புகுந்த நோய் பரவாவண்ணம் தடுப்பதும் பொதுச் சுகாதாரம். முன்னதற்கு நோயாளி ஒருவன்; பின்னதற்கு ஊர் முழுவதுமே நோயாளி. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணை செய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டினார். பொதுச் சுகாதாரத்தில் இந்நான்கும் வேறு வடிவம் கொள்கின்றன. தூய நீரும், நல்லுணவும், தடுப்பூசியும், நோய் வரும் வழியை அறிந்த அறிவும் அங்கே மருந்தாகும். அருகிருந்து துணை செய்வோர் ஊர் மக்களே ஆவர்.

மருத்துவம் பயிலும் மாணவன் மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்கிறான். பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவன் எங்கே நின்று கற்பான்? ஊரே அவனுக்கு நோயாளியாதலின், ஊரிலே நின்றுதான் கற்றல் வேண்டும். நூலும் வகுப்பறையும் அவனுக்குக் கண்ணைத் தரும். காட்சியைத் தருவது ஊர்.

கற்போர் வாழும் இடமும் பிணி தீர்க்கும் இடமும் அடுத்தடுத்து அமைதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. உத்தரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள திருமால் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அக்கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் தங்கும் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இயங்கிய செய்தியை அது கூறுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கெல்லாம் தனித்தனியே ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இப்பகுதி மாணவரை ஏற்று ஓம்பிய பகுதியாகும்.

இக்காலத்தில் அவ்வோம்பல் வேறொரு வகையில் நிகழ்கின்றது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் சில வாரம் சிற்றூர் ஒன்றில் தங்கி, வீடுதோறும் சென்று, மக்கள் வாழும் முறையை நேரிற் கண்டறியும் வழக்கம் உண்டு. சென்னையில் 1999-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், 2001-ஆம் ஆண்டு முதல் களத்திலேயே தொற்றுநோய்களை ஆராயும் பயிற்சியை முதுநிலை மாணவர்க்கு அளித்து வருகிறது. இங்ஙனம் பயில்வோர் தனித்தனியே செல்வதினும் குழுவாகச் செல்வதே மிகுதி. ஒரு குழுவில் மருத்துவர் இருப்பார், பல் மருத்துவர் இருப்பார், செவிலியர் இருப்பார், கணக்கியல் கற்றாரும் இருப்பார். அவர்களை ஏற்று வழிநடத்துவோர் யாவர்? ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரும், கிராம சுகாதாரச் செவிலியரும், அங்கன்வாடிப் பணியாளரும், ஊராட்சித் தலைவரும், ஊர்ப் பள்ளியாசிரியரும் ஆவர். இவர்தம் பெயர் மாணவர் பெறும் பட்டத்தில் எழுதப்படுவதில்லை. ஆயினும் அப்பட்டத்தின் ஒரு பாதி இவர்களால் வருவதாகும்.

ஊரை அறிந்தார் ஒருவர் துணை நின்றாலன்றிக் கற்றாரின் அறிவு முழுப்பயன் தராது. இதற்கு இலண்டன் மாநகர் ஒரு சான்று தருகிறது. 1854-ஆம் ஆண்டு அந்நகரின் சோகோ பகுதியில் வாந்திபேதி நோய் கொடுமையாகப் பரவியது. பத்தே நாளில் ஐந்நூற்றுவர்க்கு மேல் மாண்டனர். நோய் காற்றினால் வருவதென்றே அன்று பலரும் நம்பினர். சான் சுநோ என்னும் மருத்துவர், பிராடு தெருவில் இருந்த குழாய்க் கிணற்று நீரே காரணம் என்றார். அப்பகுதியின் திருச்சபைப் பணியாளரான என்றி வொயிட்டுகெடு என்னும் இளைஞர் முதலில் அதனை ஏற்கவில்லை. மறுத்துக் காட்டவே முற்பட்டார். அவர் அப்பகுதி மக்களை வீடுவீடாக அறிந்தவர். யார் எவ்விடத்து நீரை உண்டனர், யார் முதலில் நோயுற்றனர், யார் ஊரைவிட்டு அகன்றனர் என்பனவற்றைப் பொறுமையுடன் உசாவினார். உசாவ உசாவ, மருத்துவர் கூற்றே மெய் என்பது அவர்க்குப் புலனாயிற்று. கிணற்றருகே ஒரு வீட்டில் நோயுற்ற பச்சிளங் குழந்தையின் துணிகளை அலசிய நீர், அவ்வீட்டுக் கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதென்பதைக் கண்டறிந்தவர் அவரே. குழியைத் தோண்டிப் பார்த்தபோது, அதன் செங்கற்சுவர் சிதைந்து கழிவு கிணற்றிற் கசிந்தமை வெளிப்பட்டது. கற்றவரின் கருத்தும் ஊரறிந்தவரின் தேடலும் ஒன்று சேர்ந்த இடத்தில் உண்மை பிறந்தது. மாணவரை ஏற்கும் ஒவ்வொரு வழிகாட்டியும் தம் ஊரில் அவ்விளைஞரின் நிலையில் நிற்பவராவர்.

வழிகாட்டி செய்யத்தகும் கடமைகள் யாவை? அவற்றை அறியத் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலேயே அவை எழுதப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊராட்சிக் குழுவினரைத் தேர்ந்தெடுத்தற்குரிய விதிகளை அவை விரித்துரைக்கின்றன. அவற்றினின்று மூன்று செய்திகளை நம் பொருட்கு ஏற்ப எடுத்துக்கொள்வோம்.

முதலாவது குடவோலை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். அதனை மத்தியத்தன் என்னும் நடுவன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று, யாவரும் கேட்கப் படித்தான். மறைத்தற்கும் மாற்றுதற்கும் அங்கே இடமில்லை. வேண்டியவர் வேண்டாதவர் என்னும் வேறுபாடும் இல்லை.

மாணவர் குழுவின் பணியும் இவ்வாறே தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். உத்தரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களுள் ஒன்றற்கு நால்வர் கொண்ட குழு வந்ததாகக் கொள்வோம். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உடையோர் மாத்திரையை இடையில் நிறுத்திவிடுகின்றனர். காரணம் யாது என்பதே அவர்கள் ஆராயப் புகுந்த வினா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை விலையின்றிக் கிடைக்கிறது. வீட்டுக்கே கொணர்ந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டமும் 2021-ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கிற்று. இருந்தும் ஏன் நிறுத்துகின்றனர்? அறியாமையே காரணம் என்று குழுவினர் வரும்போதே முடிவு கட்டிக்கொண்டு வருதலும் உண்டு. அம்முடிவைக் கழற்றிவைக்கச் செய்வதே வழிகாட்டியின் முதற்பணி.

அவ்வூரில் எல்லா வீட்டிற்கும் செல்ல நாளில்லை. சில வீடுகளையே தேர்தல் வேண்டும். பேருந்து நிற்கும் தெருவில் உள்ள வீடுகளைத் தேர்ந்தால் எளிது, நிழலும் உண்டு. ஆனால் அது ஊரைக் காட்டாது, தெருவையே காட்டும். ஆதலின் வீடுகள் அனைத்தையும் பட்டியலில் எழுதிச் சீட்டு முறையால் தேர்வர். இதுவே இக்காலக் குடவோலை. ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பழைய குடவோலையில் எல்லார் பெயரும் இடம்பெறவில்லை. நிலமும் சொந்த மனையும் மறையறிவும் உடைய, 35 வயது முதல் 70 வயது வரையுள்ள ஆடவர் பெயரே இடம்பெற்றது. ஓலையில் எழுதப்படாதார் குடத்திலும் இலர். குடத்தில் இல்லாதார் அவையிலும் இலர். இக்காலத்துப் பட்டியலிலும் அத்தகைய குறை நேரலாம். ஏரிக்கரையை அடுத்த இருளர் குடிசைகளும், செங்கற் சூளையில் வந்து தங்கிய குடும்பங்களும் பழைய பதிவேட்டில் இல்லாதிருக்கக்கூடும். மாணவன் இதனை அறியான். ஊர்ச் செவிலியர் அறிவார். தடுப்பூசி போடச் சென்ற இடமெல்லாம் அவர் மனத்தில் உள்ளது. அவர் மாணவரை உடன் அழைத்துச் சென்று விடுபட்ட வீடுகளைப் பட்டியலிற் சேர்ப்பிப்பாராயின், அவர் கற்பித்தது ஒரு பேராசிரியர் கற்பித்ததற்குக் குறைந்ததன்று. எண்ணப்படாதவர் நோய் எவர் கண்ணிலும் படுவதில்லை. கண்ணிற் படாத நோய்க்கு மருந்து அனுப்புவார் யார்?

வீட்டைத் தேர்ந்த பின்னர் வேளையையும் தேர்தல் வேண்டும். காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் முதியோரும் சிறு குழந்தைகளுமே இருப்பர். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்டிர் விடியலிலேயே புறப்பட்டிருப்பர். ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகட்குச் செல்லும் இளைஞர் அதற்கு முன்னரே ஊர்தி ஏறியிருப்பர். பகலில் மட்டும் உசாவிய குழு, உழைப்பாரை விட்டு ஓய்ந்திருப்பாரை மட்டும் எண்ணிய குழுவாகும். அந்திப்பொழுதிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செல்லுமாறு கூறுவது வழிகாட்டியின் பணி.

வினவும் முறையும் கற்பிக்கத்தக்கது. ஒரு மூதாட்டியிடம், "அம்மா, மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கிறீர்களா?" என்று மாணவன் கேட்டால், "ஆம் தம்பி" என்றே விடை வரும். அது பொய்யன்று, வீடு தேடி வந்த பிள்ளையின் மனம் நோகலாகாது என்னும் பண்பு. அவ்விடையை எழுதிக்கொண்டு திரும்பினால், ஊரில் எல்லாரும் ஒழுங்காக மாத்திரை உண்பதாகவே கணக்கு முடியும். "மாத்திரை தவறிப்போவது எல்லார்க்கும் உள்ளதுதான், அம்மா. சென்ற ஏழு நாளில் எத்தனை நாள் தவறியது?" என்று கேட்பின் விடை வேறாகும். "கழனிக்குப் போகும் நாளில் காலையில் உண்பதில்லை, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது" என்று அவர் கூறலாம். அறியாமை என்று குழு கருதியது உண்மையில் வேலை நேரமும் உணவு நேரமும் பற்றிய செய்தியாக முடியலாம். முதல் விடைக்கு மருந்து அறிவுரை. இரண்டாம் விடைக்கு மருந்து, மாத்திரை உண்ணும் வேளையை மருத்துவர் மாற்றி அமைத்துத் தருதல். ஒரு சொல் மாறின் மருந்தே மாறுகின்றது.

வினவுமுன் இசைவு பெறுதலும் இன்றியமையாதது. தாம் யார், எதற்காக வந்தனர், கூறியதை யாரிடம் காட்டுவர் என்பனவற்றை விளங்கச் சொல்லி, விருப்பமாயின் விடை கூறலாம், விருப்பமின்றேல் மறுக்கலாம் என்று உரைத்தல் வேண்டும். மறுத்தவர்க்கு மருந்தோ உதவியோ சிறிதும் குறைதலாகாது. ஒரு வீட்டிற் கேட்டதை அடுத்த வீட்டில் கூறாமையும் இவ்வொழுக்கத்தின் பாற்பட்டதே.

கல்வெட்டுக் கூறும் இரண்டாவது செய்தி வாரியம். தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மருள் பன்னிருவர் சம்வற்சர வாரியமாகவும், பன்னிருவர் தோட்ட வாரியமாகவும், அறுவர் ஏரி வாரியமாகவும் பணியாற்றினர். முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகினாரையே சம்வற்சர வாரியத்திற்கு எடுத்தனர். பதவிக்காலம் 360 நாள். ஒருமுறை வாரியம் செய்தவர் மூன்றாண்டு கழியுமுன் மீண்டும் வருதற்கு இடமில்லை. பணியைப் பகுத்தளித்தலும், சிறு பணியிற் பழகியபின் பெரும்பணி ஏற்றலும், பொறுப்பை முறைமாற்றிக் கொள்ளுதலும் என்னும் மூன்று நெறிகள் இதன்கண் அடங்கியுள்ளன.

குழுவாகப் பயில்வார்க்கு இம்மூன்றும் வேண்டும். குழுவில் பேச்சுவன்மை உடையான் ஒருவன் எல்லா வீட்டிலும் தானே பேசுவான். கணக்கறிந்தவள் ஒருத்தி அறையிலமர்ந்து எண்களையே கூட்டுவாள். ஒருவன் இருவர்க்கும் இடையே வெறிதே நடந்து வருவான். முடிவில் அறிக்கை ஒன்றாக இருக்கும். கல்வி நால்வர்க்கும் ஒன்றாக இராது. நல்ல வழிகாட்டி நாள்தோறும் பணியை மாற்றி அளிப்பார். இன்று வினவியவர் நாளை எழுதுவார். எழுதியவர் மறுநாள் விடைகளைச் சரிபார்ப்பார். மாலையில் யாவரையும் ஒருங்கே அமர்த்தி, அன்று கண்டதையும் தவறியதையும் கூறச் செய்வார். கருத்து மாறுபட்டால் தீர்ப்புக் கூற விரைய மாட்டார். "எவ்வீட்டில் எதைக் கண்டு இவ்வாறு சொல்கிறீர்கள்?" என்று கேட்பார். குரல் உயர்ந்தவர் வெல்லும் வழக்கு நீங்கி, சான்றுடையவர் வெல்லும் வழக்கு அங்கே வேரூன்றும்.

மூன்றாவது செய்தியே யாவற்றினும் சிறந்தது. வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவரும், அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவராயினர். ஊர்ப்பொருளைக் கையாண்டவன் ஊர்க்குக் கணக்குக் காட்டல் வேண்டும் என்பதே அவ்விதி. மாணவர் ஊரினின்று பெறும் பொருள் யாது? மக்களின் நேரம், அவர்தம் நோய், அயலார்க்கு உரையாத மறைச்செய்திகள். பொன்னினும் அரிய இப்பொருளைப் பெற்றுச் சென்றவர் அறிக்கை எழுதித் தேர்வில் வென்று, ஊர்ப்பக்கமே திரும்பாது போவாராயின், அவர் கணக்குக் காட்டாத வாரியத்தாரை ஒப்பர். அதன் தீமை அவரோடு ஒழிவதில்லை. அடுத்த ஆண்டு வரும் குழுவிற்குக் கதவு பாதியே திறக்கும். அதற்கடுத்த குழுவிற்குத் திறவாது. பின்னொரு நாள் டெங்குக் காய்ச்சல் பரவுங்கால், நீர்த்தொட்டியைப் பார்க்க வரும் சுகாதாரப் பணியாளரும் வாயிலிலேயே நிறுத்தப்படுவர். கணக்குக் காட்டாதவனின் உறவினரையும் விலக்கிய அவ்விதி கடியதெனத் தோன்றலாம். ஆயின் நம்பிக்கை முறிந்த ஊரில் அவ்விதி எழுதப்படாமலே நடைபெறுகின்றது.

ஆதலின், புறப்படுமுன் கண்டவற்றை ஊரார்க்கு உரைத்தல் வேண்டும் என்பதை வழிகாட்டி தொடக்கத்திலேயே உறுதி செய்துகொள்ளல் நன்று. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் கிராம சபை அதற்கு ஏற்ற அவையாகும். அங்கே தனியொருவர் பெயரைக் கூறாமல், தொகையாகவே கூறல் வேண்டும். எளிய தமிழிற் கூறல் வேண்டும். முன்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து, "இதனால் எங்களுக்கு என்ன?" என்று கேட்டால், அதற்கு விடையிறுக்க இயலாத ஆராய்ச்சி இன்னும் முடியாத ஆராய்ச்சியே.

கணக்கு என்பது இனிய செய்தியை மட்டும் கூறுவதன்று. உத்தரமேரூர் முன்னர் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே இதற்கு உலகறிந்த சான்று உண்டு. அம்மாவட்டத்தின் வடபகுதிச் சிற்றூர்களில், காசநோய்க்குரிய பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறியும் பேராய்வு 1968-ஆம் ஆண்டு தொடங்கிற்று. 2,80,000-க்கு மேற்பட்ட மக்கள் அதில் பங்குகொண்டனர். யார்க்குத் தடுப்பூசி, யார்க்கு மருந்தற்ற ஊசி என்பது எவர் விருப்பத்தையும் சாராது, குடவோலை போன்ற வாய்ப்பு முறையாலேயே முடிவாயிற்று. தடுப்பூசி பெரும் பயன் தரும் என்று உலகம் எதிர்பார்த்திருந்தது. வயது வந்தோர்க்கு வரும் நுரையீரற் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே கண்ட முடிவு. எதிர்பார்த்ததற்கு மாறாயினும் அம்முடிவை மறைக்கவில்லை, உலகறிய வெளியிட்டனர். பதினைந்தாண்டு மக்களைத் தொடர்ந்து கண்டு, முடிவை மீண்டும் உறுதி செய்தனர். பச்சிளங் குழந்தைகளைக் காசநோயின் கொடிய வகைகளினின்று காத்தற்கு அத்தடுப்பூசி இன்றும் பயன்படுகின்றது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று உலகம் தெளிதற்கு நம் சிற்றூர் மக்கள் துணைநின்றனர். மெய்யை உள்ளவாறு உரைத்ததே அவ்வாய்வின் பெருமை.

மாணவர்களே! உங்களுள் சிலர் பிற்காலத்தில் பொதுச் சுகாதாரம் பயின்று, கையில் வினாப்பட்டியலுடன் முன்பின் அறியாத ஊருக்குச் செல்லக்கூடும். அங்கே நீங்கள் ஆசிரியராகச் செல்லவில்லை; மாணவராகச் செல்கிறீர்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். விடுபட்ட வீட்டைத் தேடுங்கள், பணியைப் பகிர்ந்துகொள்ளுங்கள், பெற்றதற்குக் கணக்குக் காட்டுங்கள். உங்களுள் பலர் ஊரிலேயே வாழ்ந்து, அத்தகைய மாணவர்க்குக் கதவைத் திறப்பவராகவும் இருப்பீர்கள். அவர்க்கு ஒரு செம்பு நீர் தந்து, திண்ணையில் அமரச் செய்து, கேட்டதற்கு மெய்யான விடை கூறுங்கள். கூறியபின், "கண்டதை எங்களுக்கு எப்போது வந்து சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் நம் முன்னோர் கல்லில் எழுதிவைத்த உரிமையும் அதுவே.

பயிற்சி வினாக்கள்

1. பொதுச் சுகாதாரம் பயில்வோர்க்கு ஊரே கல்விக்கூடம் என்பதன் காரணம் யாது?
2. திருமுக்கூடல் கல்வெட்டுக் கூறும் செய்திகளைத் தொகுத்து எழுதுக.
3. குடவோலை முறைக்கும் மாணவர் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கும் உள்ள ஒற்றுமையையும் வேற்றுமையையும் விளக்குக.
4. பகலில் மட்டும் வினவும் கணக்கெடுப்பில் நேரும் குறை யாது?
5. "கணக்குக் காட்டுதல்" என்பதனை இப்பாடத்தின் ஆசிரியர் எவ்வாறு மாணவர் பணிக்குப் பொருத்திக் காட்டுகிறார்?